திரையில் வந்தது பாடம். தேடி வந்தவர் ஆசிரியர்

(உலக ஆசிரியர் நாளையொட்டித் திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியர்களுக்கென்று ஆண்டில் இரண்டு நாட்கள் உண்டு. செப்டம்பர் 5 அன்று நாடு முழுவதும் பள்ளிகளில் மாலை, பொன்னாடை, வாழ்த்துரை. அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாள். 1966ஆம் ஆண்டு அந்த நாளில் பாரிசில் கூடிய அரசுகளின் மாநாடு, ஆசிரியர்களின் தகுநிலை குறித்த பரிந்துரையை ஏற்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் இணைந்து உருவாக்கிய அந்த ஆவணம் ஊதியம், பணிநேரம், பணிப்பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை, கல்விக் கொள்கையை வகுப்பதில் ஆசிரியர்களுக்குரிய பங்கு ஆகியவற்றைப் பேசுகிறது. முதல் நாள் ஆசிரியரைக் குருவாக வணங்குகிறது. இரண்டாம் நாள் அவரைத் தொழிலாளியாக மதிக்கிறது. வணங்கப்பட்டவர் உரிமை கேட்டால் முகம் சுளிக்கும் சமூகம் இது. எனவே இரண்டாம் நாளின் செய்தியைப் பேச வேண்டிய பொறுப்பு உழைக்கும் மக்களின் இயக்கத்திற்கு உண்டு.

பெருந்தொற்றுக் காலத்து இணையவழி வகுப்புகளைப் பற்றி இப்போது பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். பள்ளிகள் திறந்தாயிற்று, பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பியாயிற்று. ஆனால் அந்தக் காலத்திலிருந்து பாடம் கற்றுக்கொண்டவர்கள் பலர். பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒன்றைக் கற்றார்கள். ஒன்றிய ஆட்சியாளர்களும் கல்வி வணிகர்களும் வேறொன்றைக் கற்றார்கள். ஆசிரியர் இல்லாமலே பாடம் நடத்திவிடலாம் என்பது இரண்டாமவர் கற்ற பாடம். உண்மையில் அன்று நடந்தது என்ன என்பதை நினைவில் நிறுத்தாவிட்டால், அவர்கள் சொல்வதே வரலாறாகிவிடும்.

கருகிய பெஞ்சு

திருவனந்தபுரத்தில் நின்று கல்வியைப் பற்றிப் பேசும் எவரும் ஊருட்டம்பலத்தை மறந்துவிட்டுப் பேச முடியாது. 1910ஆம் ஆண்டு அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அங்குள்ள பள்ளிக்கு அழைத்துச் சென்றார். சாதி ஆதிக்கவாதிகள் பள்ளியையே கொளுத்தினார்கள். தீயில் கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1904இல், வெங்கானூரில் அய்யன்காளி தொடங்கிய பள்ளியும் அழிக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையென்றால் உங்கள் வயலில் எங்களுக்கு வேலையில்லை என்று விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது இந்த மண்ணில்தான்.

வெங்கானூரில் ஆதிக்கவாதிகள் அஞ்சியது எழுத்துக்கு. ஊருட்டம்பலத்தில் அவர்களுக்கு இன்னொரு அச்சமும் சேர்ந்துகொண்டது: தங்கள் பிள்ளைக்கு அருகில், அதே பலகையில், பஞ்சமி அமர்ந்துவிடுவாள். பள்ளி என்பது பாடம் சொல்லும் இடம். அதோடு, வெவ்வேறு வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் அமரும் இடம். அந்தப் பெஞ்சுக்காகச் சிந்திய இரத்தமும் வியர்வையும் கேரளக் கல்வியின் அடித்தளம்.

2020 மார்ச்சில் அந்தப் பெஞ்சுகள் காலியாயின. உலகம் முழுவதும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் கல்வி நிலையங்களுக்கு வெளியே நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்குத் திரும்பியது. மாடி வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறையும் கணினியும் இருந்தன. பூந்துறைக் கடலோரத்தில் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளில் ஓர் அறைக்குள் ஆறேழு பேர். அந்த ஆண்டு ஜூலையில் இந்நகரில் மும்மடங்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, கடலுக்குப் போக முடியாத தகப்பனும் மீன் விற்கப் போக முடியாத தாயும் அதே அறையில்தான் இருந்தார்கள். பள்ளி மணி அடித்தால் மறைந்திருந்த வேறுபாடுகள் அனைத்தும், மணி நின்றதும் வெளியே தெரிந்தன.

‘ஃபர்ஸ்ட் பெல்’

2020 ஜூன் 1. கேரளத்தில் ஒவ்வோராண்டும் பள்ளி திறக்கும் நாள். அன்று வகுப்பறைகள் பூட்டிக் கிடக்க, விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் வகுப்புகள் தொடங்கின. இந்த அலைவரிசை அன்று புதிதாக முளைத்ததன்று. கல்விக்கென ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோளைப் பயன்படுத்தி 2005ஆம் ஆண்டிலேயே, அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்த பொதுத்துறை அலைவரிசை அது. 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்திருந்தது. கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளில் பரவலாக்கியதும், 45,000 வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக மாற்றியதும் இந்நிறுவனத்தின் பணி. பொதுத்துறையில் பல ஆண்டுகளாகக் கட்டி வைத்திருந்தது நெருக்கடி நேரத்தில் கை கொடுத்தது. கல்வி வணிகர்கள் விளம்பரங்களோடு பெற்றோரின் பணப்பையைத் தேடி அலைந்த அந்த மாதங்களில், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பாடம் சென்றது.

பாடம் நடத்தியவர்கள் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் அன்றாடம் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள். கரும்பலகைக்குப் பழகியவர்கள்; ஒளிப்பதிவுக் கருவியின் முன் நின்று பழகாதவர்கள். அரை மணி நேரத்துக்குள் பாடத்தைச் சுருக்க வேண்டும். எதிரில் ஒரு பிள்ளையும் இல்லாமல், இருப்பதாக எண்ணிப் பேச வேண்டும். பேசியதை மாநிலமே பார்க்கும், பாராட்டும், பழிக்கும். அந்தச் சுமையை ஏற்று அவர்கள் முன்வந்தார்கள் என்பதே முதல் நன்றிக்குரியது.

திரை எட்டாத வீடுகள்

வகுப்பு தொடங்கும் முன்பே கணக்கெடுப்பு நடந்திருந்தது. வீட்டில் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று தெரிந்திருந்தது. கேரளத்திலேயே இந்த நிலை. நாடு முழுவதற்குமான நிலையைத் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017–18இலேயே காட்டியிருந்தது: இணைய வசதியுள்ள குடும்பங்கள் நூற்றுக்கு 24 மட்டுமே, கணினி உள்ள குடும்பங்கள் நூற்றுக்கு 11கூட இல்லை. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியானது, ஆனால் தீர்ப்பால் மட்டும் கூரைக்குள் அலைவரிசை வந்துவிடுவதில்லை.

முதல் மணி அடித்த அதே நாளில் மலப்புறம் மாவட்டத்தில் வளாஞ்சேரி அருகே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். தலித் குடும்பம், தகப்பன் தினக்கூலி, ஊரடங்கால் வேலையில்லை. வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது. அதைச் சரிசெய்யப் பணமில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை அவள். அன்றைய ஒளிபரப்பு வெறும் வெள்ளோட்டம் என்பதும், தவறவிட்ட பாடம் மீண்டும் வரும் என்பதும் அவளுக்கு எட்டாத செய்திகளாயின. அந்த மரணத்தை வைத்து அரசியல் ஆதாயம் தேடியவர்கள் உண்டு. அதற்காக, அந்த மரணம் எழுப்பிய கேள்வியிலிருந்து எவரும் தப்பிவிட முடியாது. பெயர்ப் பட்டியலில் ஓர் எண்ணாக இருந்த அந்தப் பிள்ளையை, மனுஷியாக அறிந்து, வாசலில் போய் நின்று “கவலைப்படாதே” என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

அடுத்த வாரங்களில் கேரளம் செய்தது அதைத்தான். வாலிபர் சங்கத்தினரும் மாணவர் அமைப்பினரும் வீடு வீடாகப் பழைய தொலைக்காட்சிகளைத் திரட்டினார்கள். பழுது நீக்கி, கேபிள் இணைத்துக் கொடுத்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் தம் உறுப்பினர்களிடம் நிதி திரட்டிப் புதியவற்றை வாங்கின. நூலகங்களும் அங்கன்வாடிகளும் அண்டைவீட்டுப் படிப்பு மையங்களாயின. நூலக இயக்கம் பல பத்தாண்டுகளாகக் கட்டி எழுப்பிய சிற்றூர் வாசகசாலைகளில், முகக்கவசம் அணிந்த பிள்ளைகள் இடைவெளி விட்டு அமர்ந்து பாடம் பார்த்தார்கள். காலியான பெஞ்சு வேறு வடிவில் திரும்பி வந்தது.

இரவு பத்து மணிக்கும் ஒளிரும் செல்பேசி

இவற்றுக்கெல்லாம் நடுவில் நின்று ஓடியாடியவர் ஆசிரியர். எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற கணக்கு அவரிடம்தான் இருந்தது. தொலைக்காட்சியில் பாடம் முடிந்த பிறகு அவர் வேலை தொடங்கியது. வாட்ஸ்அப் குழுவில் பயிற்சித்தாள் அனுப்புவார். தகப்பனின் செல்பேசி தகப்பனோடு வேலைக்குப் போயிருக்கும். அவர் திரும்பிய பிறகே விடை வரும். மங்கலான புகைப்படங்களாக வரும் விடைத்தாள்களை, சிறு திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்த வேண்டும். நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது வீடுகள். நாற்பது வீடுகளின் நோய், பசி, வேலையிழப்பு ஆகிய அனைத்தும் அந்த உரையாடலில் வந்து சேரும். ஐயத்தைத் தீர்க்க அழைத்தால், “டீச்சர், அரிசி வந்ததா என்று கேட்டுச் சொல்வீர்களா” என்ற கேள்வி வரும்.

செல்பேசி, இணையக் கட்டணம், மின்சாரம் ஆகியவை பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தச் செலவு. பணிநேரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அன்று இந்தியப் பள்ளிகளில் பணியாற்றிய 96 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். அவர்கள் தம் பிள்ளைக்கு ஒரு செல்பேசியைக் கொடுத்துவிட்டு, மற்றவர் பிள்ளைகளுக்காக இன்னொன்றில் பேசினார்கள். ஒரு கையில் அகப்பை, மறு கையில் அலைபேசி. இதற்கிடையே நோய்த்தடுப்புப் பணிகளுக்கும் ஆசிரியர்கள் அனுப்பப்பட்டார்கள். ரேஷன் கடைகளிலும் சோதனைச் சாவடிகளிலும் உதவி மையங்களிலும் அவர்கள் நின்றார்கள். மாதம் ஆறு நாள் வீதம் ஐந்து மாதங்களுக்கு அவர்களுடைய ஊதியத்தில் ஒரு பகுதி ஒத்திவைக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

முதல் நாள் ஒளிபரப்பில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூனைக்கதை சொன்ன ஆசிரியை ஒருவரைக் கேரளமே கொண்டாடியது. குரலை மாற்றி, கைகளை அசைத்து, முகபாவங்களோடு கதை சொன்னார். எதிரில் ஆறு வயதுப் பிள்ளைகள் இருப்பதாகவே நம்பிச் சொன்னார். அதே நாளில் அவரையும் மற்ற ஆசிரியைகளையும் சமூக வலைத்தளங்களில் சிலர் கேலி செய்தார்கள், கேலி ஆபாசமாயிற்று, காவல்துறை வழக்குப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. நான்கு சுவர்களுக்குள் பிள்ளைகளின் நம்பிக்கையால் பாதுகாக்கப்பட்டிருந்த ஆசிரியரின் உடலும் குரலும் சந்தையில் வைக்கப்பட்ட பொருளைப் போலாயின. பெண் பொதுவெளிக்கு வந்தால் இழிவுபடுத்தலாம் என்று எண்ணும் ஆணாதிக்கம், படித்த மாநிலம் என்ற பெருமைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது என்பதை அந்த நாள் காட்டிற்று. இணையவழி வகுப்பின் இடர்ப்பாடுகளைப் பட்டியலிடும் அரசு ஆவணங்கள் அலைவரிசையைப் பற்றிப் பேசும். இதைப் பற்றிப் பேசுவது அரிது.

தமிழ்வழிப் பிள்ளைகள்

தமிழ்த் தோழர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கேரளத்தில் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களிலும் இந்தத் தலைநகரிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காசர்கோட்டில் கன்னடவழிப் பிள்ளைகள். விக்டர்ஸ் அலைவரிசை மலையாளத்தில் பேசியது. தமிழ்வழிப் பாடங்களைத் தமிழ் ஆசிரியர்கள் தனியே உருவாக்க வேண்டியிருந்தது. கைட் நிறுவனத்தின் பாலக்காட்டு மையம் உள்ளிட்ட மாவட்ட மையங்கள் வழியாகப் பதிவு செய்யப்பட்ட அந்தப் பாடங்கள் யூடியூப் மூலம் பிள்ளைகளுக்குச் சென்றன. பெரும்பான்மை மொழிப் பிள்ளைக்குத் தொலைக்காட்சி போதும். சிறுபான்மை மொழிப் பிள்ளைக்கு இணையமும் வேண்டும். வசதி குறைந்தவருக்கே கூடுதல் வசதி தேவைப்படும் முரண்பாடு இது.

இந்த முரண்பாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு மூணாற்றுத் தோட்டங்களே சாட்சி. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடிற்று. 70 பேரை அந்த மலை கொண்டு போயிற்று. அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்த நிலையில், மறுநாள் காலையில்தான் வெளியுலகம் அறிந்தது. மரணச் செய்தியே வெளியே வர முடியாத இடத்துக்குள் பாடம் எப்படிப் போய்ச் சேரும்? அத்தகைய இடங்களில் அச்சிட்ட தாள்களோடு மலையேறிச் செல்லும் ஆசிரியரே பிள்ளைக்கும் பள்ளிக்கும் இடையிலான ஒரே இணைப்பு.

எதிரில் இருப்பவரின் மனம்

தமிழ் இலக்கண மரபு ஆசிரியரை எப்படிக் காண்கிறது என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடங்கும் முன்பே பொதுப்பாயிரத்தில் ஆசிரியரின் இயல்பை வரையறுக்கிறது. அவருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் ஒப்புச் சொல்லும் பவணந்தியார், பாடம் சொல்லும் முறையைக் கூறும்போது, கற்பவன் எவ்வாறு ஏற்பான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்கும் வகையில் சொல்ல வேண்டும் என்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கற்பித்தலின் பாதி, கற்பவரைக் காண்பதில் இருக்கிறது என்று உணர்ந்த மரபு இது.

திரையால் செய்ய முடியாதது இந்தப் பாதியைத்தான். நான்காம் வரிசையில் இருப்பவன் தலையாட்டுகிறான், ஆனால் புரியவில்லை என்பதை வகுப்பில் நிற்கும் ஆசிரியர் கண்டுகொள்வார். காலையில் உண்ணாமல் வந்தவளின் கண்ணை அவர் அறிவார். ஒலியை அடைத்து, படத்தை மறைத்துவிட்ட நாற்பது கறுப்புக் கட்டங்களிடம் பேசும் ஆசிரியர் எதைக் காண்பார்? எனவேதான் அவர்கள் செல்பேசியோடு நிற்காமல், அனுமதி கிடைத்தபோதெல்லாம் வாசல்வரை நடந்தார்கள். தமிழகத்திலும் இதுவே நிலை. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆயினும் மரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் தெருமுனையிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். கற்றல் இழப்பைச் சரிசெய்யத் தமிழக அரசு 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும், திரை விட்டுச் சென்ற இடத்தை மனிதரைக் கொண்டே நிரப்ப முயன்றது. ஆனால் அங்கும் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்களே அமர்த்தப்பட்டார்கள். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே நின்றது.

கருவூலத்திலிருந்து வரும் ஊதியம்

கேரள ஆசிரியர்களால் இவ்வளவும் செய்ய முடிந்ததற்கு அவர்களுடைய நல்ல மனம் ஒரு காரணம். நல்ல மனம் எங்கும் உண்டு. தமிழகத்திலும் நாட்டின் பிற பகுதிகளிலும் சுயநிதித் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அது குறைவாக இருந்ததில்லை. ஆயினும், பள்ளி மூடிய சில மாதங்களில் அவர்களில் பலருக்கு ஊதியம் பாதியாயிற்று. பலருக்கு நின்றே போயிற்று. பட்டம் பெற்றவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள், காய்கறி விற்றார்கள். இணையவழி வகுப்புக்கு முழுக் கட்டணம் வாங்கிய நிர்வாகங்களில் சில, அந்த வகுப்பை நடத்தியவருக்கு முழு ஊதியம் தரவில்லை. கேரளத்தின் சுயநிதிப் பள்ளிகளும் இதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை.

அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் அப்படி நேராததற்குக் காரணம் ஒரு போராட்ட வரலாறு. 1957இல் அமைந்த இ.எம்.எஸ். அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். முழு ஊதியத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பகுதியைக் கையில் கொடுக்கும் நிர்வாகங்களின் காலம் அது. நினைத்தபோது வேலையை விட்டு நீக்கவும் செய்தார்கள். ஊதியம் கருவூலத்திலிருந்து நேராக ஆசிரியரைச் சேர வேண்டும், பணிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது அந்தச் சட்டம். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1959இல்தான் ஒப்புதல் கிடைத்தது. ‘விமோசன சமரம்’ என்ற பெயரில் பிற்போக்குச் சக்திகள் திரண்டன. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. ஓர் ஆட்சியையே விலையாகக் கொடுத்துப் பெற்றது ஆசிரியரின் பணிப்பாதுகாப்பு. அறுபது ஆண்டுகள் கழித்துப் பெருந்தொற்றில் ஓர் உதவிபெறும் பள்ளி ஆசிரியர் தன் அடுப்பைப் பற்றிக் கவலைப்படாமல் பிள்ளையின் அடுப்பைப் பற்றிக் கேட்க முடிந்ததென்றால், அதற்குப் பின்னால் 1957 நிற்கிறது. ஆசிரியரின் உரிமையும் பிள்ளையின் கல்வியும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று வாதிடுவோருக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

மலையடிவாரத்திலிருந்து ஒரு கேள்வி

இதே அளவுகோலை நம் பக்கமும் வைத்துப் பார்ப்பதே நேர்மை. இந்த மாவட்டத்தின் கிழக்கே, அகஸ்தியமலை அடிவாரத்தில் காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. அத்தகைய இடங்களுக்காகக் கேரளத்தில் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தப்பட்டன. ஆற்றைக் கடந்து, காட்டுவழி நடந்து, எல்லா வகுப்புகளுக்கும் ஒருவரே பாடம் சொல்லி, கஞ்சியும் வைத்துக் கொடுத்த ஆசிரியர்கள் அவற்றில் பணிபுரிந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அப்படி நடந்தவர்கள் உண்டு. அவர்கள் பெற்றது மதிப்பூதியம் மட்டுமே. அதுவும் பல வேளைகளில் தாமதமாக வந்தது. செல்பேசிக்கு அலைவரிசை எட்டாத அந்தக் குடியிருப்புகளில் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளியாக நின்றவர்களும் அவர்களே.

2022இல் அப்பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளை முழு வசதியுள்ள பள்ளிகளுக்கு மாற்றுவது என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆசிரியர்களில் சிலருக்கு மாற்றாகக் கிடைத்தது பள்ளிகளில் துப்புரவுப் பணி. துப்புரவுப் பணி இழிவன்று. எந்த உழைப்பும் இழிவன்று என்பதே தொழிலாளி வர்க்கத்தின் நிலைப்பாடு. ஒருவர் இருபது ஆண்டுகளாகச் செய்துவந்த தொழிலின் அறிவும் அனுபவமும் ஒரே ஆணையில் மதிப்பிழந்து போவது வேறு விஷயம். இது இடதுசாரி அரசின் காலத்தில் நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், ஒன்றிய அரசைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளுக்கு வலிமை இராது. தகுதி விதிகள் தடையாக இருந்திருக்கலாம். அவர்களுடைய அனுபவத்தைக் கல்விப் பணியிலேயே பயன்படுத்தும் வழியைக் கண்டிருக்க வேண்டியது அரசியல் கடமை. முண்டசேரியின் சட்டம் பாதுகாத்தவருக்கும் அது எட்டாதவருக்கும் இடையிலான தூரம், இயக்கம் இன்னும் நடக்க வேண்டிய தூரம்.

அடுத்த மணி யாருக்காக அடிக்கிறது?

2020 ஜூலை 29 அன்று, பள்ளிகள் மூடிக் கிடந்த நேரத்தில், நாடாளுமன்ற விவாதமின்றித் தேசியக் கல்விக் கொள்கைக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ‘ஒரு வகுப்பு, ஓர் அலைவரிசை’ என்ற பெயரில் 12 கல்வி அலைவரிசைகள் அறிவிக்கப்பட்டன. 2022 நிதிநிலை அறிக்கையில் அவை 200ஆக உயர்த்தப்படும் என்றார்கள். 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கருத்துக் குறிப்பு, உயர்கல்வியில் ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம்வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. அலைவரிசைகள் பெருகுவதில் தீங்கில்லை. அலைவரிசை பெருகப் பெருகப் பணியிடம் சுருங்குமானால், அதில்தான் தீங்கு. ஓர் ஆசிரியரின் பதிவு செய்யப்பட்ட பாடத்தை ஆயிரம் வகுப்பறைகளில் ஓட்டிவிட்டு, அந்த ஆயிரம் வகுப்பறைகளிலும் ஒப்பந்த உதவியாளரை நிறுத்திவிடலாம் என்ற கணக்கு, முதலாளித்துவத்துக்குப் புதிதன்று. நெசவாளியிடமும் அச்சுத் தொழிலாளியிடமும் அது போட்ட கணக்கே இது.

தொழில்நுட்பத்தை எதிர்ப்பது தீர்வாகாது. விக்டர்ஸும் கைட் நிறுவனமும், ஏழைக் குடும்பங்களுக்கு இணையத்தைக் கட்டணமின்றி அளிக்கும் நோக்கோடு 2023 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோனும் வேறொரு பாதையைக் காட்டுகின்றன. கருவி யாருடையது, அதைக் கையாள்பவரின் நிலை என்ன என்பவையே கேள்விகள். இந்தக் கேள்விகளிலிருந்து கோரிக்கைகள் பிறக்கின்றன. காலிப் பணியிடங்கள் நிரந்தர நியமனத்தால் நிரப்பப்பட வேண்டும். இணையவழிப் பணிக்கான கருவியும் இணையச் செலவும் ஆசிரியர் தலையில் விழக் கூடாது. பணிநேரத்துக்கு எல்லை வேண்டும். பதிவு செய்யப்பட்ட பாடத்தைக் காட்டிப் பணியிடத்தைக் குறைப்பது தடுக்கப்பட வேண்டும். இணையத்தில் இழிவுபடுத்தப்படும் ஆசிரியைக்கு உடனடிச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். சுயநிதிப் பள்ளி ஆசிரியருக்கும் சட்டம் உறுதி செய்யும் ஊதியம் வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான பாடங்கள் பெரும்பான்மை மொழிப் பாடங்களோடு ஒரே நாளில் வர வேண்டும். கொள்கை வகுக்கும் மேசையில் ஆசிரியர் சங்கத்துக்கு நாற்காலி வேண்டும். 1966ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்வதும் இதுவே.

கட்சி உறுப்பினர்களுக்கும் வேலை உண்டு. அன்று தொலைக்காட்சி திரட்டிய தோழர்கள் இன்று தம் பகுதிப் பள்ளிக்குப் போய், எத்தனை ஆசிரியர் இடங்கள் காலியாக உள்ளன, ஊரடங்கின்போது நின்று பிறகு திரும்பாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். ஆசிரியர் போராடும்போது, “அவர்களுக்குத்தான் சம்பளம் நிறைய வருகிறதே” என்ற பேச்சு டீக்கடையில் எழும். அந்தப் பேச்சுக்கு அங்கேயே விடை சொல்லும் பொறுப்பு, ஆசிரியரல்லாத தோழர்களுடையது.

2021 நவம்பர் 1. கேரளம் பிறந்த நாள். ஒன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக மூடியிருந்த பள்ளிகள் அன்று திறந்தன. வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்ற ஆசிரியர்கள் பலர், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து முகமே காணாத பிள்ளைகளைக் குரலால் அடையாளம் கண்டார்கள். பிள்ளைகளோ, தொலைபேசியில் கேட்ட குரலுக்கு முகம் தேடினார்கள். இடைவெளி விட்டு அமர்த்தினாலும், அது பெஞ்சு. ஊருட்டம்பலத்தில் கருகியதும், பெருந்தொற்றில் காலியானதும் அதுவே. அதை மீண்டும் நிரப்பியவர்களுக்கு நன்றி சொல்லும் நாள் இது. அந்த நன்றி பொன்னாடையாக இருக்கட்டும். அதோடு நியமன ஆணையாகவும், உரிய ஊதியமாகவும், போராட்டக் களத்தில் தோளோடு தோள் நிற்பதாகவும் இருக்கட்டும்.